பாட்டிக்கு பி.பி. பார்த்தார்கள், எடை பார்க்கவில்லை: முதியோர் சாப்பாட்டில் இந்தியா தவறவிட்ட கணக்கு

2019-21ல் தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று நடந்தது. கணக்கெடுப்பாளர்கள் 707 மாவட்டங்களில் 6.36 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குப் போனார்கள். கையில் எடை மெஷின், உயரம் அளக்கும் பலகை, பி.பி. கருவி, சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் எல்லாம் இருந்தன. வீட்டில் இருக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எடை பார்ப்பார்கள். அதன் அம்மாவுக்குப் பார்ப்பார்கள். ஒரு பகுதி வீடுகளில் அப்பாவுக்கும் பார்ப்பார்கள். அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முறை வரும்போது பி.பி. பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள். எடை பார்க்க மாட்டார்கள்.

கணக்கெடுப்பாளர்கள் மேல் தப்பில்லை, ஆய்வின் விதியே அப்படி. பி.பி.யும் சர்க்கரையும் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பார்க்க வேண்டும். உயரம், எடை, ரத்தசோகை மட்டும் பெண்களுக்கு 49 வயதோடும் ஆண்களுக்கு 54 வயதோடும் முடிந்துவிடும். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களையும் சிறு குழந்தைகளையும் மையமாக வைத்து உருவான ஆய்வு அது, அதனால் அந்த வயது வரம்பு. ஆனால் "இந்தியர்களின் ஊட்டச்சத்து நிலை" என்று செய்திகளில் நீங்கள் படிக்கும் எண்களில் பெரும்பாலானவை இந்த ஆய்வில் இருந்து வருபவைதான். அவற்றில் உங்கள் அம்மாவோ, தாத்தாவோ கிடையாது.

வேறு ஆய்வுகள் இல்லையா? 2016-18ல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, பிறந்த குழந்தை முதல் 19 வயது வரை எடுத்தது. தட்டில் என்ன இருக்கிறது என்று வீடு வீடாகப் போய் எடைபோட்டுப் பார்த்த தேசிய ஊட்டச்சத்து கண்காணிப்பு அமைப்பு, 1972ல் தொடங்கி 2015ல் மூடப்பட்டது. அதுவும் எல்லா மாநிலங்களிலும் இயங்கியதில்லை.

நோயைத் தேடிப் போகிறோம், பசியைத் தேடிப் போவதில்லை என்பதுதான் இந்த டேட்டாவைப் புரட்டும்போது எனக்குப் பட்டது.

<b>இருக்கிற ஒரே பெரிய கணக்கு என்ன சொல்கிறது?</b>

முதியவர்களை முழுசாக அளந்த தேசிய அளவிலான ஆய்வு என்றால் லாசி தான். இந்திய முதுமை குறித்த நீண்டகால ஆய்வு என்பதன் சுருக்கம். மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக 2017-18ல் நடத்தியது. ஹார்வர்டு, தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களும் இதில் கூட்டு. 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களது துணைவர்களுமாக 72,250 பேர். அதில் 60 வயதைத் தாண்டியவர்கள் 31,464 பேர். எடை மட்டும் இல்லை, கைப்பிடி வலு, நடக்கும் வேகம் வரை அளந்தார்கள். அறிக்கை 2021 ஜனவரியில் வெளிவந்தது.

60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 27% பேர் எடை குறைந்தவர்கள். 22% பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். சரியான எடையில் இருப்பவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். எடைக் குறைவு கிராமங்களில் அதிகம், பருமன் நகரங்களில் அதிகம்.

27% என்பதைத் தலைக்கணக்காக்கிப் பார்ப்போம். ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 முதுமை அறிக்கைப்படி 2022ல் இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 14.9 கோடி, அதாவது மக்கள்தொகையில் 10.5%. இரண்டும் வேறு வேறு ஆண்டுகளின் எண்கள், அதனால் இதைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: சுமார் 4 கோடி முதியவர்கள் உடலுக்குத் தேவையான எடைகூட இல்லாமல் இருக்கிறார்கள். 2050ல் முதியோர் எண்ணிக்கை 34.7 கோடி ஆகும் என்கிறது அதே அறிக்கை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எடைக் குறைவு என்பதை பிஎம்ஐ வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், அதாவது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. வயதானால் முதுகெலும்பு அமுங்கி, கூன் விழுந்து உயரம் குறையும். உயரம் குறைந்தால் கணக்கில் பிஎம்ஐ தானாகவே கொஞ்சம் ஏறித் தெரியும். ஆக, மெலிந்த முதியவர் சிலர் பட்டியலில் "நார்மல்" பக்கம் போய் உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. எடை சரியாக இருந்தாலும் அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிஎம்ஐ சொல்லாது. தொந்தி பெருசாக, கால் குச்சியாக இருக்கும் எத்தனை தாத்தாக்களை நாம் பார்த்திருக்கிறோம்!

<b>"வயசாச்சு, ராத்திரிக்கு கஞ்சி போதும்"</b>

எல்லா வீட்டிலும் கேட்கும் வாக்கியம் இது. பெரும்பாலும் பெரியவர்களே சொல்வார்கள். பாதி உண்மை என்பதால்தான் இது ஆபத்தானது.

வயதாக ஆக உடலுக்குத் தேவையான கலோரி குறையும், அது சரி. ஓடியாடுவது குறைகிறது, தசை குறைகிறது, எரிபொருளும் குறைவாகப் போதும். ஆனால் புரதம், கால்சியம், வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றின் தேவை அப்படிக் குறைவதில்லை. சிலவற்றில் கூடவே செய்கிறது. சின்ன வயிறு, ஆனால் அதற்குள் போகும் ஒவ்வொரு கவளத்திலும் முன்பைவிட அதிகச் சத்து இருக்க வேண்டும். நாம் செய்வது நேர் எதிர். கலோரியைக் குறைக்கிறோம் என்று பருப்பையும் முட்டையையும் மீனையும் குறைத்துவிட்டு, சோறு, ரவை, பிஸ்கட், ரஸ்க் என்று மாவுச்சத்தை மட்டும் மிச்சம் வைக்கிறோம்.

ஏன் புரதம் இவ்வளவு முக்கியம்? முப்பது வயதைத் தாண்டியதும் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையத் தொடங்கும். அறுபதுக்கு மேல் வேகம் பிடிக்கும். இந்தத் தசை இழப்புக்கு சார்கோபீனியா என்று 1989ல்தான் பெயரே வைத்தார்கள். இளவயதில் ஒரு முட்டை சாப்பிட்டால் தசை எந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொள்ளுமோ, அதே அளவுக்கு எழுபது வயதுத் தசை பயன்படுத்திக்கொள்வதில்லை. அதனால் அதே பலனுக்குக் கூடுதல் புரதம் தேவைப்படுகிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று 2013ல் கூடிய சர்வதேச வல்லுநர் குழு, ஆரோக்கியமாக இருப்பவருக்கே 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்றது. நோயில் இருந்து தேறுபவர்களுக்கு 1.5 கிராம் வரை. 50 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு 50 முதல் 60 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு முற்றியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் புரத அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது அந்தப் பாட்டியின் தட்டைப் பார்ப்போம். காலையில் இரண்டு இட்லி, சட்னி. மதியம் ஒரு கிண்ணம் சோறு, ரசம், கொஞ்சம் மோர். இரண்டு வேளை காபி. ராத்திரி கஞ்சி, ஊறுகாய். அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 8 கிராம் புரதம் என்ற கணக்கில் கூட்டிப் பார்த்தால், நாள் முழுக்க சுமார் 20 கிராம் வருகிறது. தேவையில் பாதிகூட இல்லை. வடக்கே போய் இரண்டு சப்பாத்தி, உருளைக்கிழங்கு சப்ஜி, சாய் என்று போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. ஊறுகாய், அப்பளத்தால் உப்பு மட்டும் தாராளமாகக் கிடைத்துவிடும்.

<b>பத்து நாள் படுக்கை</b>

கொஞ்சம் தசை போனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். அமெரிக்காவில் செய்த ஒரு சின்ன ஆய்வு, 2007ல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 11 முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு, அன்றைய பரிந்துரைப்படி புரதம், எல்லாம் உண்டு. பத்து நாளில் கால்களில் மட்டும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ தசை காணாமல் போனது.

அவர்கள் ஆரோக்கியமானவர்கள். நம் வீட்டில் டைபாய்டு, நிமோனியா என்று பத்து நாள் படுக்கும் பெரியவருக்குக் கொடுப்பது இட்லியும் கஞ்சியும் ரொட்டியும்தான். உடம்பு சரியாகி எழுந்தால் கால் நிற்காது. பாத்ரூம் போகும்போது தடுமாறுகிறார், விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு ஓராண்டுக்குள் இறப்பவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பிழைப்பவர்களிலும் நிறையப் பேர் பழையபடி நடப்பதில்லை. "விழுந்ததில் இருந்துதான் அப்பாவுக்கு எல்லாம் போச்சு" என்று நாம் சொல்கிறோம். விழுவதற்கு ஓராண்டு முன்பே தட்டில் தொடங்கிய கதை அது.

<b>ரேஷனும் பென்ஷனும் சேர்ந்தால் எவ்வளவு?</b>

வீட்டுக்குள் பேசுவதை மட்டும் வைத்து இதை முடித்துவிட முடியாது. ஐ.நா. முதுமை அறிக்கையின்படி இந்திய முதியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் சொத்து அடிப்படையில் மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் இருக்கிறார்கள். 18.7% பேருக்கு எந்த வருமானமும் இல்லை. அவர்களிடம் போய் பாதாம் ஊறவைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்ல முடியுமா?

அவர்களுக்கு அரசு கொடுப்பதைக் கணக்குப் போட்டேன். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி அல்லது கோதுமை. 5 கிலோ அரிசியை முப்பது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 167 கிராம். அதில் இருக்கும் புரதம் 13 கிராம். பசியை ஆற்றும், உயிரைக் காக்கும். கொரோனா காலத்தில் அதைக் கண்ணாரக் கண்டோம். ஆனால் மீதி 37 கிராம் புரதத்தை எங்கிருந்தாவது வாங்க வேண்டும்.

வாங்கப் பணம்? இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். 1995ல் 75 ரூபாயில் தொடங்கியது இது. 200 ரூபாய் என்பது 2007ல் இந்தத் திட்டம் இப்போதைய பெயருக்கு மாறிய காலத்து எண். அப்போது ஒரு கிலோ துவரம்பருப்பு என்ன விலை, இப்போது என்ன விலை என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தொகையை உயர்த்தச் சொல்லி நாடாளுமன்ற ஊரக வளர்ச்சி நிலைக்குழுவும் பலமுறை பரிந்துரைத்திருக்கிறது. 200ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 6 ரூபாய் 67 காசு. பல ஊர்களில் ஒரு முட்டையின் விலைக்குப் பக்கம்.

மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்ப்பதால் கையில் கிடைப்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆந்திராவில் 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2023 முதல் 1,200 ரூபாய். பீகாரில் 2025 ஜூன் வரை 400 ரூபாயாக இருந்ததை, தேர்தல் வருடத்தில், 1,100 ஆக்கினார்கள். ஒரே வயது, ஒரே வறுமை. எந்த மாநில எல்லைக்குள் பிறந்தோம் என்பதைப் பொறுத்து முட்டைகளின் எண்ணிக்கை மாறுகிறது.

மறுபக்கம், 2024 அக்டோபர் முதல் 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், வருமான வரம்பு இல்லாமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு உண்டு. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. இடுப்பெலும்பு முறிந்தால் லட்சங்களில் செலவழிக்கத் தயாராக இருக்கும் அரசு, அது முறியாமல் இருக்க ஒதுக்குவது நாளுக்கு 6 ரூபாய் 67 காசு என்பதுதான் உறுத்துகிறது.

2018 மார்ச் 8ல் தொடங்கிய போஷன் அபியான், குழந்தைகள், வளரிளம் பெண்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கானது. முதியவர்களுக்கென்று இருந்தது 2000ல் வந்த அன்னபூர்ணா. ஓய்வூதியத்துக்குத் தகுதி இருந்தும் கிடைக்காத 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 10 கிலோ தானியம் இலவசம். அதுவும் தானியம்தான்.

சமைத்த சாப்பாடாகவே கொடுத்துப் பார்த்த மாநிலம் தமிழ்நாடு. 1982 ஜூலையில் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1983 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. நாற்பது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. பள்ளிச் சத்துணவு நாட்டுக்கே முன்மாதிரி ஆனது, உச்ச நீதிமன்றம் வரை போய் எல்லா மாநிலத்துக்கும் பரவியது. முதியோருக்கான பகுதியைப் பற்றிப் பேச்சே இல்லை. தமிழ்நாட்டு வாசகர்களிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது சந்தேகம்தான். பொது விநியோகத்தில் துவரம்பருப்பும் எண்ணெயும் சேர்த்ததிலும் தமிழ்நாடு முன்னோடி. 2007ல் இருந்து கொடுக்கிறார்கள்.

<b>சராசரி வீட்டில் பாட்டி எங்கே?</b>

இங்கே ஒரு கேள்வி வரலாம். மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2023-24 நுகர்வுச் செலவு ஆய்வில் கிராமத்தில் ஒருவருக்கு நாளுக்கு 61.8 கிராம், நகரத்தில் 63.4 கிராம் புரதம் கிடைப்பதாக வருகிறதே? 50-60 கிராம்தான் தேவை என்றால், பிறகென்ன பிரச்சினை?

அந்த ஆய்வு வீட்டுக்குள் என்ன வந்தது என்று கேட்கிறது. யார் சாப்பிட்டது என்று கேட்பதில்லை. வீட்டுக்கு வந்த மொத்தத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண் அது. ஒரு கிலோ மீன் வாங்கி நாலு பேர் வீட்டில், பல் இல்லாத தாத்தா குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டால், சராசரிக்கு அவரும் கால் கிலோ மீன் சாப்பிட்டவர்தான். தவிர, கிராமங்களில் அந்தப் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு தானியத்தில் இருந்து வருவது. தானியப் புரதத்தில் உடலுக்குத் தேவையான சில அமினோ அமிலங்கள் குறைவு. பருப்போடு சேர்ந்தால்தான் அது முழுமையாகும்.

யார் தட்டுக்கு என்ன போகிறது என்பதை வழக்கமும் தீர்மானிக்கிறது. வங்காளத்தில் உயர்சாதிக் கைம்பெண்கள் மீனையும் வெங்காயம், பூண்டையும் விட வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். மசூர் பருப்பைக்கூட அசைவக் கணக்கில் வைத்து ஒதுக்கினார்கள். மலிவாகக் கிடைக்கும் புரதங்களைத் தேடித் தேடி எடுத்துவிட்டது போல இருக்கும் அந்தப் பட்டியல். இன்று பல குடும்பங்களில் அது தளர்ந்துவிட்டது என்றாலும், நாடு முழுக்க அதன் மெல்லிய வடிவங்கள் உண்டு. கடைசியில் சாப்பிடுவது, மிச்சத்தைச் சாப்பிடுவது, வாரத்தில் இரண்டு நாள் விரதம், "எனக்கெதுக்கு முட்டை, பசங்களுக்குக் கொடு". 60 வயதைத் தாண்டிய இந்தியப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கணவனை இழந்தவர்கள். தனக்காக மட்டும் அடுப்பு பற்றவைக்க மனம் வராமல், காபியும் பன்னுமாக ஒருவேளையை ஓட்டுபவர்கள் அவர்களில் நிறைய.

வசதியான வீடுகளில் இதே விளைவு வேறு வழியாக வருகிறது. சர்க்கரை, பி.பி., கொலஸ்ட்ரால் என்று மூன்று டாக்டர்கள் மூன்று பட்டியல் கொடுப்பார்கள். முட்டை கூடாது, பால் கூடாது, பழம் கூடாது, கடலை கூடாது. பக்கத்து வீட்டுக்காரரும் வாட்ஸ்அப்பும் இன்னும் நாலைச் சேர்க்கும். கடைசியில் மிஞ்சுவது ஓட்ஸ் கஞ்சி. எழுபத்தைந்து வயதில் சர்க்கரையை நாற்பது வயதுக்காரர் போல இறுக்கிப் பிடிப்பதால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழும் ஆபத்தும் உண்டு. எது உண்மையில் கூடாது, எதை அளவோடு சாப்பிடலாம் என்று ஒரே டாக்டரிடம் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது நல்லது.

மாத்திரைகளையும் கவனிக்க வேண்டும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், அசிடிட்டிக்கான பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை வருடக்கணக்கில் எடுத்தால் உணவில் இருந்து பி12 உறிஞ்சப்படுவது குறையும். சுத்த சைவம் என்றால் இன்னும் கஷ்டம். கை கால் மரத்துப்போவதையும் மறதியையும் "வயசு" என்று ஒதுக்காமல், ஒருமுறை பி12 அளவைப் பார்த்துவிடலாம்.

<b>வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?</b>

ஒரு தையல் டேப்பும் ஒரு நாற்காலியும் போதும். கெண்டைக்கால் தசையின் மிகத் தடித்த இடத்தில் சுற்றளவைப் பாருங்கள். ஆசிய நாடுகளுக்கான சார்கோபீனியா குழுவின் 2019 வரையறைப்படி ஆணுக்கு 34 செ.மீ.க்கும் பெண்ணுக்கு 33 செ.மீ.க்கும் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கால் வீக்கம் இருந்தால் இந்த அளவு ஏமாற்றும்.

அடுத்து, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் வலு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இவை நோயை உறுதி செய்யும் சோதனைகள் கிடையாது, டாக்டரிடம் போகச் சொல்லும் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடை மெஷின் இருந்தால் மாதம் ஒருமுறை பார்த்து காலண்டரில் குறித்து வைக்கலாம். மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் காரணமில்லாமல் குறைந்தால் காத்திருக்கக் கூடாது. மெஷின் இல்லாத வீட்டில் மோதிரம் கழன்று விழுவது, ரவிக்கை தொளதொளப்பது, பல்செட் பொருந்தாமல் போவது எல்லாம் அதே செய்தியைச் சொல்லும்.

<b>என்ன கொடுக்கலாம்?</b>

அந்த 20 கிராம் தட்டுக்கே திரும்புவோம். காலை இட்லியோடு ஒரு முட்டை, 6 கிராம். மதியம் ரசத்துக்குப் பதில் 30 கிராம் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து கெட்டியாக, 6 கிராமுக்கு மேல். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 7 கிராம். ராத்திரி 200 மில்லி பால், இன்னொரு 6 கிராம். 45 கிராமைத் தாண்டிவிட்டோம். மீன் கிடைக்கும் நாளில் ஒரு துண்டு சேர்த்தால் இலக்கைத் தொட்டுவிடலாம். மொத்தத்தையும் ஒரே வேளையில் திணிப்பதைவிட மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுத்தால் தசை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

பல் இல்லாதவருக்கு வேர்க்கடலையைப் பொடித்து சட்னியாகவோ பாலில் கரைத்தோ கொடுக்கலாம். பீகாரில் வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பு, எலுமிச்சை சேர்த்துக் குடிக்கிறார்கள், சத்து என்று பெயர். நம் பொட்டுக்கடலை மாவின் வடக்கத்திச் சொந்தம்தான். மெல்லவே வேண்டாம், விலையும் குறைவு. ஆந்திராவின் பெசரட்டு, பாசிப்பருப்பில் ஊற்றும் தோசை, மென்மையானது. கால்சியத்துக்குப் பால் ஒத்துவராதவர்களுக்குக் கேழ்வரகு இருக்கிறது: 100 கிராமில் 364 மில்லிகிராம்.

டி.வி. விளம்பரத்தில் வரும் புரத பவுடர்? சாப்பிடவே முடியாத நிலையில் டாக்டர் சொன்னால் சரி. மற்றபடி, புரத பவுடர்களில் சர்க்கரையும் செயற்கை இனிப்புகளும் இருக்கலாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024 வழிகாட்டியில் எச்சரித்திருக்கிறது. அந்த டப்பா விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் போடுவது என் தொழில் வியாதி.

தாக உணர்வும் வயதோடு குறையும் என்பதால் கேட்டால்தான் தண்ணீர் என்று இருக்கக் கூடாது. காபி, டீயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதும் இரும்புச் சத்து சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கால்சியம், இரும்பு மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளியே போட வேண்டும்.

புரதம் மட்டும் போட்டுவிட்டு நாள் முழுக்க உட்காரவைத்தால் தசை வளராது. 65 வயதைத் தாண்டியவர்களும் வாரம் 150 நிமிடமாவது நடக்க வேண்டும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. முன்பு சொன்ன நாற்காலிச் சோதனையே தினமும் செய்தால் அதுவே பயிற்சி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது இன்னொன்று.

எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு: 2010-11ல் தொடங்கிய தேசிய முதியோர் சுகாதாரத் திட்டத்தின் கீழ் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் முதியோர் நலப் பிரிவு இருக்க வேண்டும். சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மையம் இருக்கிறது, இதற்கென்றே கட்டிய மருத்துவமனை. ஓய்வூதியம் நின்றுபோனாலோ, கவனிக்க ஆள் இல்லாமல் ஒரு முதியவர் தவிப்பதைப் பார்த்தாலோ 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் எல்டர்லைனை அழைக்கலாம். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். டாக்டர் பி.பி. பார்த்து முடித்ததும், எடையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.